நோவு இல்லை என்றொரு வரி

அக்கா,

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து அலுமாரியை ஒதுக்கும்போது எடுத்ததென்று, உங்கள் கிளினிக் கொப்பியை நேற்று உங்கள் மகள் கொண்டுவந்தாள். "ரெண்டு பேரும் ஒண்டாப் படுத்த ஆஸ்பத்திரி வாட்டுத்தானே அன்ரி, நீங்களே வைச்சிருங்கோ" என்றாள். பூச்சி உருண்டை மணம் இன்னும் அதில் இருந்தது. உள்ளே ஒட்டியிருந்த ஆஸ்பத்திரித் துண்டில் இங்கிலீசில் ஒரு வரி. அவளே வாசித்துச் சொன்னாள்: ஒப்பரேஷனுக்குப் பிறகு நோவு இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போதும் ஆறவில்லை.

போர் முடிந்து மீள்குடியேறி வந்த காலம் அது. நீங்கள் இலுப்பைக்கடவை வயலுக்குத் திரும்பியும் வலக்கை அரிவாள் பிடிக்க மறுத்தது. கழுத்துக்குள் செல் குண்டுத் துண்டு. நான் இடம்பெயர்ந்திருந்த புத்தளத்தில் இருந்து முசலிக்குத் திரும்பி வந்து, சொந்தக் காணியில் பற்றை வெட்டப்போய்க் கிணற்றுக்கட்டில் விழுந்து கழுத்தெலும்பைக் கெடுத்தவள். இருவருக்கும் ஒரே நாளில் ஒப்பரேஷன், பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

முதல்நாள் மயக்க மருந்து டொக்டர் பேனையும் கடதாசியுமாக வந்தார். மயக்கத்தில் இருக்கும்போதே கழுத்தோரம் ஊசி போட்டால், கீறுகிற இடத்து நரம்புகள் விறைத்துவிடும், எழும்பின பிறகும் கொஞ்ச மணித்தியாலம் நோவு தெரியாது என்றார். "தாராளமாப் போடுங்கோ டொக்டர்" என்றேன். நீங்கள் அவருடைய பேனையையே பார்த்தீர்கள். "எனக்கு வேண்டாம். தாங்குவன்."

"வன்னிச் சனம் எதையும் தாங்கும்" என்று மெச்சிவிட்டு, வேண்டாம் என்று எழுதிக்கொண்டு போனார். மெச்சினாராம். செல்லடிக்குள் கிடந்து வந்தவளின் கழுத்தில் இருப்பது நரம்பில்லையா, நார்க்கயிறா? அவர் கெட்ட மனிதரும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

அன்று பின்னேரம்தான் சொன்னீர்கள். முகாமில் பேனையோடு வந்தவர்கள் காயம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். ஓம் என்றவர்களை, இயக்கத்தில் சண்டை பிடித்தவர்களென்று தனியாகக் கூட்டிப் போனார்களாம். நீங்கள் காயம் மறையக் கொண்டையை இறக்கிக் கட்டிக்கொண்டு, இல்லை என்றீர்களாம்.

ஒப்பரேஷன் முடிந்து நான் விறைத்த கழுத்தோடு வாய் நனைத்துக்கொண்டு கிடந்தேன். நீங்கள் துவாய்த் தலைப்பைக் கடித்தபடி கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தீர்கள். நேர்ஸ் முகங்கள் கீறின அட்டையை நீட்டி, எவ்வளவு நோவு என்று கேட்டாள். நீங்கள் சிரிக்கிற முகத்தைத் தொட்டீர்கள். அவளும் எழுதினாள்.

"பொய் சொல்லுறா மிஸி, அந்தக் கையைப் பாருங்கோ" என்று கத்தினேன்.

"சும்மா இரு பிள்ளை," என்றீர்கள். "எழுதிப் போடுவினம்."

நான் விடவில்லை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும். கத்தின கத்தில் டொக்டரே வந்தார்.

"அந்தப் பேனையை வெளியில வைச்சிட்டு வந்து கேளுங்கோ" என்றேன்.

 அவர் பேனையையும் அட்டையையும் நேர்ஸிடம் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அம்மா, நோகுதா?"

நீங்கள் அவருடைய வெறுங்கையைப் பார்த்தீர்கள். "நோகுது" என்றீர்கள். பிறகு நிறுத்தவே இல்லை. "நோகுதையா. அண்டைக்கு இருந்தே நோகுது."

ஊசியை அப்போதும் போடலாமாம். போட்டார். கால் மணித்தியாலத்தில் உங்கள் கை சட்டத்தை விட்டது, நித்திரையானீர்கள். ஒரு ஊசி அக்கா. காலையிலேயே போட்டிருக்கலாம்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதற்குப் பிறகும் எந்தக் கிளினிக்கிலும் இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். நான் அப்படியில்லை. யார் கேட்டாலும் நோகுது என்பேன், பக்கத்து வாங்குப் பலகையில் இருக்கிற பெண்ணையும் சொல்ல வைப்பேன். நேர்ஸுமாருக்கு என்னைக் கண்டாலே அலுப்பு.

நீங்கள் உண்மையைச் சொன்ன நேரம் பேனை வெளியில் இருந்தது. அதனால் கொப்பியில் அது இல்லை. இந்தக் கடிதத்தை அந்தப் பக்கத்திலேயே ஒட்டப் போகிறேன். இனி யார் திறந்தாலும் வாசிக்கட்டும்.

அக்காவுக்கு நொந்தது. கடுமையா நொந்தது.

எழுதிப் போட்டன்.