ஒரு விரல் இடைவெளி

மச்சான்,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். உன் அடக்கத்தன்று ஊரே அழுதுகொண்டிருந்தபோது, நான் உன் பெட்டி ஏற்றிய வண்டியின் முன்சக்கரத்தருகே மண்டியிட்டு, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் வாசலில் வண்டி திரும்பும்போது ரப்பர் தீய்ந்த வாடை வந்தது. அவ்வளவுதான், விரல் என்னைக் கேட்காமலே போய்விட்டது. துக்கம் தாங்காமல் விழுந்துவிட்டேன் என்று நினைத்து உன் மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். யாரோ சோடா உடைத்துக் கொடுத்தார்கள். உண்மையையா சொல்ல முடியும்? குடித்தேன். விரல் தாராளமாக நுழைந்தது, மச்சான். வாடை வேறெதுவோ. நீ உரசாமல்தான் போய்ச் சேர்ந்தாய்.

அறுபதுகளின் கடைசியில் ஓசூரில் இத்தனை கம்பெனிகள் ஏது? ராகிக் காடும், உன் அப்பா விட்டுப்போன சீமைக் காரும்தான் இருந்தன. அந்தக் காரின் அளவுக்கு டயர் பெங்களூரிலும் கிடைக்கவில்லை. கிருஷ்ணகிரி மில்லுக்காரரோ உனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "வழியில நிக்கிற வண்டிக்காரனுக்கு எம் பொண்ணு கெடையாது தம்பி. ஞாயித்துக்கெழமை வர்றேன். நான் ஏறிப் பாத்தப்புறந்தான் மத்த பேச்சு."

நீ ஜீப் சக்கரங்களை வாங்கி வந்தாய். அகலமான சக்கரம். உன் காரின் பழைய ரிம்மிலிருந்து நடுத்தட்டை வெட்டியெடுத்து இதில் பற்றவைக்க வேண்டும். வெல்டிங் பாய் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே பார்த்தார்.

"உள்ள தள்ளி வெச்சா சக்கரம் வெளிய வந்து மட்கார்டை அறுக்கும். வெளிய தள்ளி வெச்சா சக்கரம் உள்ள போயி ஸ்டீயரிங் ராடுல முட்டும். எங்க வெக்கிறதுன்னு சொல்லித் தொலைப்பா."

அளவுகோல் எடுக்கப் போன என்னை நீ தடுத்தாய். "உன் விரலு இருக்கும்போது அது எதுக்குடா? குண்டு விரலு. அது நுழைஞ்சா எதுவும் உரசாது." என் உடம்பில் பிறருக்குப் பயன்பட்ட ஒரே உறுப்பு அதுதான்.

விரல் நுழைந்தது. பாய் பற்றவைத்தார். பெருமையாக ஏறி உட்கார்ந்து சந்தை வரை போவதற்குள் புகை. காலி வண்டியை வைத்து அளந்திருக்கிறோம்! ஆள் ஏறினால் வண்டி இறங்கும் என்பது நம் இருவருக்கும் தோன்றவே இல்லை.

"மில்லுக்காரர் எடை எவ்ளோடா இருக்கும்?"

"ரெண்டு ராகி மூட்டை."

"சாப்ட்டுட்டு வந்தா?"

"மூணு."

முன்சீட்டில் மூட்டைகளை அடுக்கினோம். மூன்றாவதை நீ இறக்கும்போது என் விரல் உள்ளேயே இருந்தது.

"நுழையுதாடா?"

"நுழைஞ்சிருக்கு! வரமாட்டேங்குது! மூட்டையத் தூக்குடா பாவி!"

பாய் அடுப்புக்கரி மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தார். அப்புறம் அந்தத் தட்டை உடைத்து ஒட்டி, உடைத்து ஒட்டி, ராடிலும் முட்டாமல் மட்கார்டிலும் முழுதாக மாட்டாமல் ஓர் இடத்தில் நிறுத்தினார். இன்னும் ஒரு நகக்கண் உரசல் பாக்கி. நீ சக்கரத்தைத் தாங்கும் மேல்கையை உள்பக்கம் இழுத்து வாஷர் கொடுத்தாய். சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்தது. தொடையில் கட்டி வந்தவனைப் போல கார் காலை அகட்டி நின்றது.

"கோணலா இருக்கே மச்சான்" என்றேன்.

"சாஞ்சா சாஞ்சுட்டுப் போவுது. உரசாம இருந்தா சரி."

ஞாயிறு பூசை முடிந்து மில்லுக்காரர் வந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். "இது என்ன தம்பி, காலை அகட்டிக்கிட்டு நிக்குது?"

"நீங்க ஏறப்போறீங்கன்னு எடம் விட்டு நிக்குதுங்க."

நான் பின்சீட்டில் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டி உட்கார்ந்தேன். என் வேலை மோப்பம் பிடிப்பது. சானமாவு காட்டோர வளைவில் அவர் மொத்தமாக உன் பக்கம் சரிந்தார். மூட்டை சரியாது, மனிதன் சரிவான் என்று அப்போதுதான் உறைத்தது. உன் கழுத்தில் வியர்வை. நான் மூச்சை இழுத்தேன். யானைச் சாண வாடை. ரப்பர் வாடை இல்லை. மச்சான், யானைச் சாணத்தை அவ்வளவு ஆனந்தமாக முகர்ந்தவன் இந்தத் தாலூகாவில் என்னைத் தவிர இருக்க மாட்டான்.

திரும்பி வந்து இறங்கியவர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "வெயில் ஏறுது. பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க, மாப்ளே."

மாப்ளே! நீ கியர் போட மறந்து ஹாரனை அடித்தாய்.

இன்றும் நிற்கிற எந்தக் காரைப் பார்த்தாலும் என் விரல் மட்கார்டுக்கடியில் போய்விடுகிறது. என்னைத் திருடன் என்று பிடித்த வாட்ச்மேன்கள் உண்டு. வீட்டில் பேச்சு முற்றும்போதும் நீ சொன்னதை நினைத்துக் கொஞ்சம் உள்ளே சாய்ந்துகொள்கிறேன். பெரும்பாலும் உரசுவதில்லை.

நேற்று தங்கச்சியிடம், அதான் உன் வீட்டுக்காரியிடம், இதையெல்லாம் சொன்னேன். உன் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தன்று அவள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில்தான் வந்தாளாம். காரில் ஏறினால் அவளுக்கு வாந்தி வருமாம்.