மோட்டார் ரூம் கனெக்டரில் ஒரு பச்சைப் புள்ளி

என் அமுதாக் கண்ணுக்கு,

எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். கம்பெனி பஸ் நம் ஊருக்குள் வரும் என்றேன், வந்தது. பிளஸ் டூ முடித்ததும் நீ அதில் ஏறுவாய் என்றேன், ஏறினாய். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்.

உன் காய்ச்சலை மட்டும்தான், "சாதாக் காய்ச்சல், மிளகு ரசம் குடிச்சா ஓடிப்பூடும்" என்று சொல்லிவிட்டேன். நாலாம் நாள் நீ இல்லை. சொன்னதெல்லாம் பலித்த இந்த வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்தது, கண்ணு?

உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என் கை படாத மோட்டார் பெட்டி கிடையாது. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியரே என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பேர்ப்பட்ட என்னிடம், சர்க்யூட் போர்டில் உட்காரும் ஒரு குட்டிக் கனெக்டரைக் கொண்டுவந்து காட்டினாய். உன் கம்பெனியில் செய்வது. அதில் ஸ்க்ரூவே இல்லை.

"ஸ்க்ரூ இல்லாம ஒயரு எப்டிம்மா நிக்கும்? வெளாட்டு சாமான் பண்றதுக்கா சம்பளம் குடுக்கறான்?"

"மோட்டார் அதிர அதிர உன் ஸ்க்ரூ லூசாவும் மாமா. இதுல உள்ள ஸ்பிரிங்கு ஒயர கவ்விக்கினு கீது. இழு, பாக்கலாம்."

இழுத்தேன். வரவில்லை. நீ ஓரத்தை அமுக்கினாய். தானாகக் கழன்று வந்தது. என்னமாய்ச் சிரித்தாய்!

நீ போன பிறகு உன் அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் வேலைக்கும் போகவில்லை. ஊரே காலிக் குடத்தோடு நின்றது. நான்தான் அவளை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய், பெட்டியைத் திறந்து, போர்டில் இருந்த கனெக்டரைக் காட்டினேன்.

"யக்கா, இது நம்ம அமுதா செக் பண்ண பீசு. பச்சைப் புள்ளி கீதே, அது அவ பாஸ் பண்ண அடையாளம்."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு மோட்டாரைப் போட்டாள். அன்று மதியம் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சில் கை வைப்பாள்.

போன வாரம் இடி விழுந்து அந்த போர்டு கருகிவிட்டது. கனெக்டரை மட்டும் கழற்றிக் கொடுத்தேன். உன் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். நேற்று அதில் ஒரு துண்டு ஒயரைச் செருகி இழுத்துக்கொண்டே இருந்தாள்.

"உட மாட்டேங்குது பாருடா தம்பி. எம் புள்ள கை பட்டது, உட மாட்டேங்குது."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷப் படையல். உன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த ரேவதி வருகிறாள். "அவகிட்ட இத காட்டணும்டா, பாத்தா அழுதுடுவா" என்கிறாள் உன் அம்மா. ரேவதி ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள், அது உங்கள் கம்பெனிச் சரக்கே இல்லை என்று. அப்புறம் உன் அம்மா எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடப்பாள்? மறுபடி படுத்துவிட்டால்? இந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் முன்கூட்டி எதுவும் சொல்ல முடியவில்லை, கண்ணு.

ரேவதி வாயால் அவள் கேட்க வேண்டாம். சனிக்கிழமையே நான் சொல்லிவிடுகிறேன். இது உன்மேல் சத்தியம். அதற்கு முன் உன்னிடம் ஒருமுறை சொல்லிப் பழகிக்கொள்கிறேன்: அந்தப் பச்சைப் புள்ளி, அவளைக் கூட்டிப்போவதற்கு முன்னால், ஸ்கெட்ச் பேனாவால் நான் வைத்தது.

உன் தாய்மாமன்,
ஏகாம்பரம்