கோப்பை கழுவி முடித்த பிறகு

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி தேவலையா? யாரையும் கெஞ்சாமல் நானே மூன்று நாளாக எழுதும் கடிதம் இது. கோணல் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நான் தேநீர் போடும் இடத்தில், இசையமைப்பாளர் சினிமாவுக்கு எல்லா வாத்தியத்தையும் கம்ப்யூட்டரிலேயே வாசித்துவிடுவார். போன மாதம் ஒரு காட்சி மட்டும் மசியவில்லை. மகன் செத்த சேதி அப்பனுக்குப் போனில் வருகிறது. உடனே ஒரு பட்டாளம் வயலின் ஓவென்று அழுதது.

"என்ன பெரியவரே, மூஞ்சியச் சுளிக்கிறீங்க?"

"அழுகை அவ்வளவு சீக்கிரம் வராதுங்க. எனக்குச் சேதி வந்தப்ப, கையில இருந்த கோப்பையைக் கழுவி முடிச்சேன். ஃப்ரிட்ஜ் உறுமுறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம்தான் உட்கார்ந்தேன்."

அவர் வயலினை அழித்துவிட்டு ஓர் உறுமலை மட்டும் வைத்தார். அப்பன் உட்காரும்போது அதையும் நிறுத்தினார்.

டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படி சார் தோணுச்சு?" என்றார்.

"தானா வந்துச்சு."

நான் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன்.

நேற்று முழுப் படமும் ஓடியது. இப்போதுதான் படிக்கத் தெரியுமே என்று, கடைசியில் வந்த பெயர்களை ஆசையாக எழுத்துக்கூட்டினேன். சாப்பாடு கொண்டுவந்தவர் பெயர்கூட இருந்தது. தற்குறியாகவே இருந்திருக்கலாம்.

என் பழைய கண்ணாடியை அனுப்பு. அதோடு மகனின் சட்டை ஒன்றைத் துவைக்காமல் வைத்து அனுப்பு.

அந்தப் படம் வந்தால் மருமகளைப் போகவிடாதே. நம் பிள்ளை அதில் செத்துக்கொண்டே இருப்பான்.

இசையமைப்பாளர் தேநீர் கேட்டுக் கூப்பிடுகிறார். போகிறேன்.