சாந்தாவைக் கொன்ற வாரம்

5-7-74, வெள்ளி
காலையிலிருந்து தூறல். மாரெட்பள்ளி முழுக்கச் சேறு. வாரப் பத்திரிகை வாங்கியாயிற்று.

நூலகத்தில் எடுத்த இரண்டு நாவல்களும் முடிந்தன. ஒன்று வாலிபப் பிள்ளைகளுக்கான சாகசக் கதை. மூன்று பள்ளி மாணவர்கள் கடத்தல்காரனைப் பிடிக்கிறார்கள். அப்புறம் போலீஸுக்கு எதற்குச் சம்பளம்? இன்னொன்று பெரியவர்களுக்கு. கதாநாயகன் நூறு பக்கம் சிகரெட்டும் ஜன்னலுமாக. தத்துவமாம். பரிசு வேறு. பரிசு கொடுத்தவர்களும் எங்கள் ஆபீஸ் புரமோஷன் கமிட்டியும் ஒரே ஆட்களாக இருக்க வேண்டும்.

மாலை, தொடர்கதை. சரோஜா இங்கேயே பிறந்து தெலுங்கில் படித்தவள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. கல்யாணமானதிலிருந்து வெள்ளிக்கிழமை நான் வாசிப்பது, அவள் கேட்பது. ஆபீஸில் என் பேச்சை எவனும் கேட்பதில்லை. வீட்டில் அந்த அரை மணி உண்டு.

இந்தக் கதாநாயகி சாந்தாவைத் தாங்க முடியவில்லை. ஒரு வருஷமாக அழுகை. பத்திரிகையில் அவள் டில்லிக்கு ரயில் ஏறுகிறாள். வாசிக்கும்போது நானாக டைபாய்டு கொடுத்துக் கொன்றுவிட்டேன். 'முற்றும்' என்று வாசித்து மூடினேன்.

6-7, சனி
சரோஜா சரியாகச் சாப்பிடவில்லை. "பாவங்க, ஒரு நல்ல புடவைகூடக் கட்டல அவ." ரசத்தில் உப்பில்லை. நானே போட்டுக்கொண்டேன். கதை குப்பை, சாவு மட்டும் நன்றாக வந்திருக்கிறது. என்னுடையது.

8-7, திங்கள்
மாட்டிக்கொண்டேன். பின் வீட்டு பிலோமினா டீச்சரும் அதே பத்திரிகை வாங்குகிறவர். குழாயடியில் சரோஜாவிடம், "செத்துட்டாளா? யாரு சொன்னா? டில்லிக்கில்ல போறா!"

குடத்தோடு உள்ளே வந்தாள்.

"அவளை ஏங்க கொன்னீங்க?"

குப்பை என்றேன்.

"குப்பையோ என்னமோ. அதுல இருக்கிறதைத்தான் படிக்கிறீங்கன்னு இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருந்தேன். இனிமே நீங்க படிக்கிறது நக்கோ, வேணாம். டீச்சர் படிப்பாங்க."

12-7, வெள்ளி
நல்ல மழை. பத்திரிகை வாங்கி வந்தேன், அவள் தொடவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள்.

புது நாவல் ஒன்றைத் திறந்தேன். அருமையான நடை என்கிறார்கள். முதல் வாக்கியமே ஆறு வரி. உரக்க வாசித்துப் பார்த்தேன். எதிரே காலி நாற்காலிதான் கேட்டது. மூடிவிட்டேன்.

எட்டு மணிக்குத் திரும்பினாள். டீச்சர் எப்படி வாசித்தார் என்று கேட்டேன்.

"ரேஷன் கார்டு படிக்கிற மாதிரி."

"அப்போ?"

"ஹவ், ஆமா, அப்டித்தான் படிச்சாங்க. ஆனா யாரையும் கொல்லலியே."

19-7, வெள்ளி
வெயில். சமரசம். வாசிப்பது நான். நிபந்தனை சரோஜாவுடையது: டீச்சர் தன் பத்திரிகையை மடியில் விரித்து, வரிக்கு வரி விரல் வைத்துக்கொண்டு எதிரே உட்காருவார்.

டில்லியில் சாந்தாவுக்கு ஒரு மேலதிகாரி. கண்ணில் கனிவாம். தூ. குமட்டக் குமட்ட ஒன்று விடாமல் வாசித்தேன். நடுவில் டீச்சரின் விரல் நின்றது.

"சார், ஒரு 'ஐயோ' விட்டுட்டீங்க. ரெண்டு இருக்கு."

சரோஜா என்னைப் பார்த்தாள். "முதல்லேர்ந்து படிங்க."

வாசித்தேன். இரண்டு ஐயோவும்.