ஹேவ் மேடம்

சார்,

மகள் பள்ளிக்கூடத்துக்குச் சார்ட் எழுத இன்று காலை மார்க்கரின் மூடியைத் திறந்தாள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் பதினாறு வருடம் பின்னால் போய் உங்கள் வெள்ளைப் பலகை முன்னால் நின்றுவிட்டேன். நீங்கள் இறந்து எட்டு நாள்தான் ஆகிறது. இறந்தவரை நல்லபடியாகத்தான் நினைக்க வேண்டுமாம். எனக்கு வரவில்லை.

திண்டுக்கல்லில் அந்தத் தோல் ஏற்றுமதி ஆபீசில் நான் சேர்ந்து மூன்றாவது வாரம். நீங்கள் மேனேஜர். லண்டன் வியாபாரிக்குப் போன கடிதத்தில் ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’ என்று அடித்துவிட்டேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் ஆபீஸ் ஆட்கள் பத்துப் பேரையும் வரவழைத்து, மார்க்கரை என் கையில் திணித்தீர்கள்.

“எழுதும்மா. ஐ ஹேவ், யூ ஹேவ். ஹீ வந்தா ஹேஸ், ஷீ வந்தா ஹேஸ். ஆறாப்புப் பாடம். ஒங்க ஊரு சாணார்பட்டியில இதக்கூடவா சொல்லித் தரல?”

பலகை நிரம்பும்வரை எழுதினேன். பத்துப் பேரும் சிரித்தார்கள். அன்று முதல் என் பெயர் ஹேவ் மேடம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சித்திரையில் என் அப்பா உங்களுக்கென்று தோட்டத்து மாங்காயைக் கோணியில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். “ஓ, நம்ம ஹேவ் மேடத்தோட அப்பாவா? வாங்க, வாங்க” என்றீர்கள். சுற்றியிருந்தவர்கள் குனிந்து சிரித்தது அப்பாவுக்குப் புரியவில்லை. அது ஏதோ பதவியின் பெயர் என்று நினைத்துவிட்டார். ஊருக்குப் போய் டீக்கடையில், “எம்புள்ளைய ஆபீசுல ஹேவ் மேடம்னுதான்யா கூப்புடுறாக. அம்புட்டு மரியாத” என்று சொல்லியிருக்கிறார். அவரைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. உங்களைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

நான்கு வருடம் காலை பஸ்ஸில் இலக்கணப் புத்தகத்தோடுதான் வந்தேன். அப்புறம் அந்த லண்டன் வியாபாரியே நேரில் வந்தார். திரையில் காட்டப்போகும் வாசகத்தை முதல் நாள் என்னிடம் தந்து, “ஒரு தடவ பாத்துரும்மா” என்றீர்கள். ‘கம்பெனி’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘ஹேவ்’ போட்டிருந்தீர்கள்.

“சரியா இருக்கு சார்” என்றேன்.

மறுநாள் அது திரையில் விழுந்ததும், முதலாளி உட்பட எல்லார் முன்னாலும் எழுந்து நின்றேன். “சார், கம்பெனி ஒருமை. ஹேஸ் வரணும். ஆறாப்புப் பாடம் சார்.” முதலாளி உங்களைத் திரும்பிப் பார்த்தார். உங்கள் முகம் கறுத்துப்போனது. நான் அதை வெகு நிதானமாகப் பார்த்து ரசித்தேன்.

நீங்கள் வெளியே போன பிறகு, அந்த வெள்ளைக்காரர் டீயைக் குடித்தபடி என்னிடம் ஒன்று சொன்னார். கம்பெனி என்பதை அதில் உள்ள ஆட்களாக நினைத்து ‘ஹேவ்’ என்று எழுதுவதும் அவர்கள் ஊரில் உண்டாம். தப்பில்லையாம்.

நான் உங்களிடம் சொல்லவில்லை.

அதன்பின் ஓய்வுபெறும்வரை ஒரு கடிதத்தைக்கூட என்னிடம் காட்டாமல் நீங்கள் அனுப்பியதில்லை. “ஏம்மா, இது ஹேவா, ஹேஸா?” என்று தணிந்த குரலில் கேட்பீர்கள். அடுத்த அறைக்கும் கேட்கிற மாதிரி பதில் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் இனித்தது.

துக்கத்துக்கு வந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒன்னையப் பத்திப் பேசாத நாளில்லம்மா. நான் தப்பா எழுதுனத அந்தப் புள்ள ஒருத்திதான் தைரியமா எந்திரிச்சு சொல்லுச்சும்பாரு. பேத்திகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

சிரித்தீர்களா? எனக்கு ஏமாற்றமாகிவிட்டது, சார். உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பீர்கள் என்றல்லவா இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.

நீங்கள் எழுதியது தப்பே இல்லை என்று அந்த அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை இன்னும் என்னிடமே வைத்திருக்கிறேன். யாருக்கும் தருவதாக இல்லை.