வெளுத்துப்போன மஞ்சள்

நொச்சி நிலையம், செவ்வாய்ச் சுற்றுப்பாதை
பதிவு: உயிரியலாளர் அலர்மேல்

நாள் 212, 09:10
நுண்ணோக்கி சீர். கீழே செவ்வாயில், காற்று நிரப்பிய சுரங்கத்தில் பனி வெட்டும் செபஸ்தியானும் குழலியும் நலம். முகமூடி வடிகட்டிகள் நான்கு நாளுக்குத்தான் வரும். பிறகு செந்தூசியைச் சுவாசித்தபடி வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் தண்ணீர் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: தூசி பட்டால் வெள்ளையணுவின் மேலுள்ள இரண்டு ஏற்பிப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நுரையீரல் வீங்கும். ஒன்றுக்கு நீலச் சாயமும் மற்றதற்கு மஞ்சளும் ஏற்றியிருக்கிறேன். ஒட்டினால் மஞ்சள் ஒளிரும், விலகினால் நீலம் மட்டும். இங்கும் கீழேயும் கையிருப்பில் உள்ள ஓர் ஒவ்வாமை ஊசிமருந்து அவற்றை விலக்குமா என்று பார்க்கிறேன்.

நாள் 213, 16:40
விலக்கியது! தட்டில் தூசியும் மருந்தும் இட்ட எட்டுக் குழியிலும் மஞ்சள் அணைந்து நீலம் நின்றது. உயிருள்ள செல்லில், கண்ணெதிரே. இருபது நிமிடம் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்திடாத குழி ஒன்றை ஒப்பீட்டுக்கு வைத்திருக்கலாம். புதிதாகச் செல் தயாரிக்க இரண்டு நாள் ஆகும். எதற்கு?

செபஸ்தியான், வானொலியில்: "யக்கா, நீங்க பாத்துட்டியள்லா, அது போதும். நான் மொதல்ல போட்டுக்கிடுதேன். என் வடிகட்டிய குழலிக்கு வச்சிருதேன்."

நாள் 216, 17:20
செபஸ்தியான் இருமுகிறான். சளி என்கிறான். என் ரத்தத்தில் செல் எடுத்து, அன்று விட்ட ஒப்பீட்டைத் தொடங்கிவிட்டேன். முன்பே செய்திருக்க வேண்டியது.

நாள் 218, 08:30
மருந்தே இடவில்லை. மஞ்சள் அணைந்தது.

காரணம் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. குவியம் சரிபார்க்கும் பச்சை லேசரை அணைக்காமலே பார்த்திருக்கிறேன், அன்றும் இன்றும். வெயிலில் கிடந்த துணி மாதிரி மஞ்சள் சாயம் வெளுத்திருக்கிறது. ஏற்பிகள் ஒட்டியபடிதான் இருக்கின்றன. கண்ணால் காண்பதும் பொய். தீர விசாரிக்க எனக்குப் பொறுமையில்லை.

09:05
செபஸ்தியான்: "நெஞ்சு கனக்கு யக்கா. மருந்து கேக்கும்லா?"

"கேக்கும்ப்பா, பயப்படாத" என்றேன்.

ஏன் சொன்னேன்? வெட்கம், வேறென்ன. மாலைக்குள் மாற்று மருந்து கண்டுபிடித்து, அதோடு சேர்த்து உண்மையைச் சொல்லலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

17:15
மாற்று இல்லை. அவன் பேசுமுன் கொட்டிவிட்டேன். மருந்து வேலை செய்யாது, தப்பு என்னுடையது, காலையிலேயே தெரியும், குழலியை வெட்ட விடாதே.

இருமல். நெடுநேரம் இருமல்தான் கேட்டது.

"இப்ப சொல்லுதியளே யக்கா. காலைல நீங்க சொன்னத நம்பி அவளுக்கும் ஊசி போட்டு வெட்ட அனுப்பிட்டேன். வடிகட்டி இருந்த ஒரே முகமூடியக் கழட்டி எனக்கு மாட்டிட்டுப் போனா."

நிலையம் அவர்கள் அடிவானத்தைத் தாண்டியது, இணைப்பு அறுந்தது. அவன் என்னைத் திட்டியிருக்கலாம்.

நாள் 219, 05:40
கூப்பிட்டேன். பதிலில்லை.

05:43
பதிலில்லை. செபஸ்தி, நான்தான்

09:02
குழலி. அழுது ஓய்ந்த குரல்.

"டாக்டர், அண்ணன் போயிட்டாரு. நான் வர்றதுக்குள்ள பேச்சே இல்ல. ஒண்ணும் சொல்லாமலே போயிட்டாரு. எனக்கும் லேசா இருமுது. நான் ஊசி போட்டிருக்கேன்ல, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

நிலையம் அடிவானம் தாண்டும்வரை இணைப்பு இன்னும் நான்கு நிமிடம் திறந்திருக்கும். அவள் காத்திருக்கிறாள்.

மூன்று நிமிடம்.