அவர் சொன்ன படக்கதை

மார்ச் 12, 1977. சனி. அபுதாபி.

நேற்று கிளப்பில் மேற்கு ஆப்பிரிக்கப் படம் ஒன்று போட்டார்கள். பேச்சு பிரெஞ்சு, கீழே ஓடியது இங்கிலீஷ். எனக்கு இரண்டும் தெரியாது. இவர்தான் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். புருஷனோடு வெளிநாடு வந்த ஒருத்தி, பூட்டிய வீட்டில் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். "என்ன சொல்றா?" என்று கேட்டபோதெல்லாம் "தலைவலியாம்" என்றார்.

இன்று துணி காயப்போடும்போது, நேற்று படத்துக்கு வந்திருந்த பக்கத்து ஃபிளாட் சரோஜா, இங்கிலீஷ் படித்தவள், சொன்னாள்: "பாவம்க்கா அவ. என்னை ஊருக்கு அனுப்புங்கன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. அந்த ஆளு காதுலயே போட்டுக்கலை."

பிழிந்த சேலையைக் கையில் வைத்தபடி நின்றேன். அம்மா படுத்த படுக்கையானதிலிருந்து நானும் இவரிடம் அதைத்தானே கேட்கிறேன். அது என் காதில் விழக்கூடாது என்று அந்த இருட்டிலும் யோசித்திருக்கிறார். நானோ, இத்தனை பேர் நடுவில் பெண்டாட்டிக்குக் கதை சொல்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதுதான் எட்டிப் பார்த்தார். "இன்னும் தூங்கலையா? என்ன உனக்கு?"

தலைவலி என்றேன்.